கூலி பில்லும் இருபதாம் தேதியும்

கோவையில் வரிக் கணக்கு பார்ப்பவர்களுக்கு மாதத்தில் மூன்று தேதிகள் முக்கியம். ஏழாம் தேதிக்குள் பிடித்த டிடிஎஸ்ஸைக் கட்ட வேண்டும். பதினொன்றுக்குள் போன மாத விற்பனை பில்களை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்ற வேண்டும். இருபதுக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்து வரியைக் கட்டிவிட வேண்டும். கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ பக்கத்துப் பட்டறைக்காரர்களைத் தூங்கவிடாதது அந்த இருபதாம் தேதிதான். பதினெட்டிலிருந்தே எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். "ஆடிட்டருங்க, இந்த மாசம் எவ்வளவுங்க கட்டோணும்?" என்பது முதல் கேள்வி. "பார்ட்டிகிட்ட இருந்து இன்னும் காசு வரலீங்க, வந்ததும் கட்டிக்கலாமுங்களா?" என்பது இரண்டாவது.

சட்டப்படி நான் ஆடிட்டர் அல்ல. பட்டயக் கணக்காளருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். நான் விற்பனை வரி ஆலோசகனாகத் தொழிலைத் தொடங்கி, இன்று ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்ற பதிவோடு இருப்பவன். ஆனால் வரிக் கணக்கு எழுதும் எல்லோரும் எங்கள் ஊரில் ஆடிட்டர்தான்.

அந்த இரண்டாவது கேள்விக்குச் சட்டம் ஒரே பதில்தான் வைத்திருக்கிறது. காசு வந்ததோ இல்லையோ, பில் போட்டால் வரி. தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி, அதற்கு மேல் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். நம் நாட்டு வரி எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டால் பெரும்பாலானோர் விகிதத்திலிருந்து தொடங்குவார்கள்: ஐந்தா, பதினெட்டா என்று. நான் தேதியிலிருந்து தொடங்குவேன். வரியின் பாரம் யார் தோளில், எத்தனை நாள் இருக்கிறது என்பதை விகிதம் சொல்லாது, தேதிதான் சொல்லும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராம்நகரில் ஒரு மூத்த ஆலோசகரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது நடப்பில் இருந்தது 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டம். மாதாமாதம் ஏ-1 படிவம் எழுதி, காசோலை இணைத்து, டாக்டர் பாலசுந்தரம் சாலை வணிகவரி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆண்டு முடிந்து அசெஸ்மென்ட் வந்தால் பேரேடுகளையும் பில் புத்தகங்களையும் மூட்டையாகக் கட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போவோம். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டி டிக் அடிப்பார்.

சேர்ந்த புதிதில் என் மூத்தவர் பில் புத்தகத்தை என் கையில் கொடுக்கவே இல்லை. பீளமேட்டில் ஒரு பவுண்டரிக்கு அழைத்துப் போனார். ஸ்கிராப் இரும்பு உருகி அச்சில் இறங்குவதைப் பார்க்கச் சொன்னார். அந்த கேஸ்டிங் ஆறியதும் எந்த டெம்போவில் ஏறி எந்த லேத் பட்டறைக்குப் போகிறது, கடைசல் முடிந்து யாரிடம் போகிறது, ஷாஃப்ட் எங்கே கிரைண்டிங் ஆகிறது, கீ-வே யார் வெட்டுகிறார்கள், வைண்டிங் எந்த வீட்டுத் திண்ணையில் நடக்கிறது என்று ஒரு பம்புசெட் உருவாகும் வழி முழுக்க என்னை நடக்க வைத்தார். "சரக்கு போற வழி தெரியாம பில்லைப் பார்த்தா ஒண்ணும் புரியாது தம்பி" என்றார். கோவையில் ஒரு பம்பு ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு பட்டறைகளைத் தொட்டு வருகிறது. பம்புக்குச் சொந்தக்காரர் ஒருவர். அதன்மேல் வேலை செய்பவர்கள் பலர். அவர்கள் வாங்குவது கூலி. இந்த ஊரின் வரிக் கதை முழுவதும் அந்தக் கூலியைச் சுற்றித்தான் இருக்கிறது என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

அன்றைய சட்டத்தில் கூலிக்கு வரி இல்லை. விற்பனை வரி என்றால் சரக்கு கைமாற வேண்டும். அடுத்தவருடைய இரும்பை வாங்கிக் கடைந்து திருப்பிக் கொடுப்பதில் விற்பனை எங்கே இருக்கிறது? மூன்று லேத் வைத்திருந்தவருக்கு விற்பனை வரி அலுவலகத்தின் வாசல்கூடத் தெரியாது. நாங்கள் மல்லுக்கட்டியதெல்லாம் பம்பு செய்து விற்றவர்களுக்காகத்தான். மாநிலத்துக்குள் பெரும்பாலான சரக்குகளுக்கு முதல் விற்பனையில் மட்டும் வரி. அடுத்து விற்பவர், "எனக்கு முன்னால் ஒருவர் கட்டிவிட்டார்" என்று நிரூபித்துவிட்டால் தப்பலாம். அந்த முன்னவர் காணாமல் போயிருந்தால், இல்லாத ஆளின் பெயரில் பில் கிடந்தால், முழு வரியும் இவர் தலையில். வெளிமாநில விற்பனைக்கு 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டம். இந்தூர் வியாபாரி, தான் வாங்கியதை உறுதிசெய்யும் 'சி' பாரம் அனுப்பினால் 4 சதவீதம். அனுப்பாவிட்டால் 10, சில சரக்குக்கு அதற்கும் மேல். பம்பு விற்று, பணம் வாங்கி, லாபமும் எடுத்து, மூன்று ஆண்டு கழித்து ஒரு பாரம் வராததால் அந்த லாபத்தையெல்லாம் வரியாகக் கட்டிய தொழிற்சாலைகளை நான் அறிவேன். பாரம் வசூலிக்க மட்டுமே வடநாட்டுக்கு ரயிலேறிப் போகும் ஆட்கள் இந்த ஊரில் இருந்தார்கள். வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றதை இந்தப் பக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் பொது விற்பனை வரி பிறந்ததே சென்னை மாகாணத்தில்தான், அதுவும் கொங்கு மண்ணில் எடுத்த ஒரு முடிவின் தொடர்ச்சியாக. 1937இல் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது. நாமக்கல்லும் திருச்செங்கோடும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. ராஜாஜியின் காந்தி ஆசிரமமும் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கள், சாராயத்திலிருந்து வந்த வருமானம் போனதும் அந்தக் குழியை நிரப்ப வேறு வழி வேண்டியிருந்தது. 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பிறகு ஒவ்வொரு மாகாணமும் அதைப் பின்பற்றியது. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26இல் வாசித்த ஆர்.கே.சண்முகம் செட்டியார் கோவைக்காரர். எழுபதுகளில் நிதியமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கம். மறைமுக வரிகளை ஆராய எல்.கே.ஜா தலைமையில் குழு அமைந்தது அவருடைய காலத்தில்தான். ஒவ்வொரு கட்டத்திலும் வரிக்குமேல் வரி ஏறுவதைத் தடுக்க, முந்தைய கட்டத்தில் கட்டியதைக் கழித்துக்கொள்ளும் முறை வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. நாட்டின் வரியை வகுத்தவர்களில் எங்கள் மண்ணின் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தக் கழிவு முறையின் தாயகம் பிரான்ஸ். 1954இல் அங்கே மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. இங்கே 1986இல் மாட்வாட் என்ற பெயரில் மத்திய கலால் வரிக்குள் நுழைந்தது. பல மாநிலங்கள் 2005இல் வாட் முறைக்கு மாறின. தமிழ்நாடு 2007 ஜனவரி 1இல் மாறியது. 2017 ஜூலை 1இல் கலால், சேவை வரி, வாட், மத்திய விற்பனை வரி எல்லாம் கலைந்து ஜிஎஸ்டி ஆயின.

ஜிஎஸ்டி வந்த இரவை நான் குறை சொல்ல மாட்டேன். 'சி' பாரம் ஒழிந்தது. வாளையாரில் வரிக்காக லாரி நிற்பது ஒழிந்தது. வரிமேல் வரி ஒழிந்தது. பம்பு ஒன்று கோவையிலிருந்து இந்தூர் போகிறது என்று வையுங்கள். இங்கே கம்பி, ஸ்டாம்பிங், கேஸ்டிங் வாங்கும்போது கட்டிய மத்திய, மாநில ஜிஎஸ்டியைத் தொழிற்சாலை கழித்துக்கொள்கிறது. வெளிமாநில விற்பனை என்பதால் பில்லில் ஐஜிஎஸ்டி போடுகிறது. அந்தப் பணம் மத்திய அரசிடம் போய், பம்பு கடைசியாக விற்கும்போது பாதி மத்தியப் பிரதேசத்துக்குப் போய்ச் சேருகிறது. செய்த மாநிலத்துக்கு அதில் பங்கில்லை. வாங்கிப் பயன்படுத்தும் மாநிலத்துக்குத்தான். இந்தியா முழுக்க நீர் இறைக்கப் பம்பு கொடுத்த ஊர், பம்பின் மாநில வரியை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்துவிட்டு நிற்கிறது. உற்பத்தி மாநிலமான தமிழ்நாடு இதனால் வரும் இழப்பைப் பற்றித் தொடக்கத்திலிருந்தே பேசிவந்தது. அதற்காக மாநிலங்களுக்குக் கொடுத்த ஐந்தாண்டு இழப்பீடு 2022 ஜூனோடு முடிந்தது.

ஆனால் பட்டறைக்காரருக்கு விழுந்த அடி வேறு. ஜிஎஸ்டி சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, அடுத்தவர் பொருளின்மேல் செய்யும் எந்த வேலையும் 'சேவை' என்கிறது. ஒரே வரியில் கூலி வரிக்குள் வந்துவிட்டது. அதுவரை வரியே அறியாத லேத் பட்டறை, 2017 ஜூலையில் பொறியியல் ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீதம் என்று தெரிந்துகொண்டது. துணி சார்ந்த ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம் என்று ஆனதால் திருப்பூரும் சோமனூரும் ஓரளவு மூச்சுவிட்டன. இங்கே குறுந்தொழில் சங்கங்கள் ஓயாமல் மனுக் கொடுத்த பிறகு 2019 அக்டோபரில் பொறியியல் ஜாப் ஒர்க் 12 ஆனது. 2025 செப்டம்பர் 22இல் 12 சதவீத அடுக்கே எடுக்கப்பட்டபோது, துணி, தோல், மருந்து போன்றவற்றின் கூலி 5இல் நின்றது. தனியாகப் பெயர் சொல்லாத மீதிக் கூலி வேலைகள் திரும்பவும் 18க்குப் போயின. லேத் பட்டறைக்குப் பட்டியலில் தனிப் பெயர் இல்லை. மீதி என்ற பெட்டியில்தான் அது கிடக்கிறது.

"வரியை வாங்கிக் கட்டுறதுதானே, கைக்காசா?" என்று பலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாதம் 2,00,000 ரூபாய்க்குக் கூலி பில் போடும் பட்டறை. 18 சதவீதம் என்றால் வரி 36,000. இதில் கழிக்க என்ன இருக்கிறது? அவர் செலவில் பெரியது ஆள் கூலி. அதற்கு ஜிஎஸ்டி இல்லை, கழிவும் இல்லை. அடுத்தது மின்சாரம், அது ஜிஎஸ்டிக்கு வெளியே. ஜெனரேட்டர் டீசலும் வெளியே. மிஞ்சுவது டூல் பிட், இன்சர்ட், கூலன்ட் ஆயில். மாதம் 20,000க்கு வாங்கினால் 3,600 கழியும். வாடகை 15,000 என்று வையுங்கள். இடத்துக்காரருக்குப் பதிவு இல்லை. 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கான வரி 2,700ஐயும் பட்டறைக்காரரே முதலில் பணமாகக் கட்டிவிட்டுப் பிறகு கழித்துக்கொள்ள வேண்டும். ஆக 36,000இல் 32,400 ரூபாய் ரொக்கமாகவே போகிறது. சரக்கு வாங்கி விற்கும் கடைக்காரருக்கு வாங்கியதில் கட்டிய வரி பெரும்பகுதியைக் கழித்துவிடும். உடம்பால் உழைக்கும் தொழிலில் கழிக்க அதிகம் இருப்பதில்லை. கூட்டிய மதிப்புக்கு மட்டும் வரி கட்டு என்பது இந்த முறையின் அடிப்படை. மதிப்பைக் கூட்டுவதில் முக்கால்வாசி கையால் என்றால், வரியும் அந்தக் கையிலிருந்துதான் போகும்.

அந்த 36,000ஐக் கம்பெனி தருகிறது, சரிதான். எப்போது? இந்த ஊரில் 90 நாள் என்பது சகஜம், 120 நாளும் உண்டு. வரி கட்டும் தேதி பில் போட்டு ஏறக்குறைய ஒரு மாதத்தில் வந்துவிடும். காலாண்டு முறையில் இருப்பவர்களும் மாதத் தொகையை இருபத்தைந்துக்குள் கட்டியாக வேண்டும். ஆக எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டு மாத வரி, 65,000 ரூபாய்க்குப் பக்கம், அந்தப் பட்டறைக்காரரின் சொந்தப் பணமாக வெளியே நிற்கிறது. இரண்டு தொழிலாளிகளின் மாதச் சம்பளம் அது.

அந்தப் பணம் எங்கே நிற்கிறது என்பதுதான் என் மனதை அறுப்பது. அரசிடம் இல்லை. பட்டறைக்காரர் பில்லை ஏற்றியதும், அடுத்த மாதம் பதினான்காம் தேதி அது கம்பெனி கழிக்கக்கூடிய வரியைக் காட்டும் 2பி பட்டியலில் தெரியும். கம்பெனி அந்த 36,000ஐத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். கூலியில் ஒரு ரூபாய்கூட இன்னும் தரவில்லை, ஆனாலும் கழிக்கலாம். 180 நாளுக்குள் கொடுத்தால் போதும் என்கிறது சட்டம். பட்டறைக்காரர் இருபதாம் தேதி கட்டுகிறார், அதே இருபதாம் தேதி கம்பெனி கழிக்கிறது. அரசுக்கு வரவும் செலவும் சரியாகிவிட்டது. நடுவில் நடந்தது என்ன? மூன்று லேத் வைத்திருப்பவர், முந்நூறு பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார். கூலியையும் கடனாகக் கொடுத்து, அதன்மேல் வரியையும் கடனாகக் கொடுத்திருக்கிறார்.

கணபதியில் எனக்கு வேண்டிய ஒருவர் இருக்கிறார். முறைக்கு அண்ணன் என்று கூப்பிடுவேன். 2018இல் ஒருநாள் பத்தொன்பதாம் தேதி மாலை கூட்டுறவு வங்கியிலிருந்து நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். மருமகள் வளையலை அடகு வைத்து வந்த பணம் சட்டைப் பையில் இருந்தது. "கண்ணு, நான் ஆருக்கும் வரி ஏய்க்கல. வர வேண்டிய காசுல இருந்து கட்டறேன்னுதான் கேக்கறேன். அதுக்குச் சட்டத்துல எடமில்லீங்கறாங்களே, அப்ப அந்தச் சட்டத்த எழுதுனவங்க பட்டறை பார்த்ததில்லயா?" என்று கேட்டார். நான் சலான் போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

சட்டத்தில் இடமே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. பழைய சேவை வரியில் இருந்தது. 2012 முதல், ஆண்டு வரவு 50 லட்சத்துக்கு உட்பட்ட தனிநபர்களும் கூட்டாண்மை நிறுவனங்களும் பணம் கைக்கு வந்த பிறகே வரி கட்டலாம் என்ற விதி இருந்தது. ஜிஎஸ்டி வந்தபோது சேவை வரியின் எல்லா வலையையும் எடுத்துக்கொண்டார்கள். இந்த ஒரு ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டார்கள். அது ஓட்டையும் அல்ல, காற்று வரும் ஜன்னல்.

இன்னும் இருக்கிறது. முன்பணம் வாங்கினால்? சரக்கு விற்பவர் முன்பணத்துக்கு வரி கட்ட வேண்டாம் என்று 2017 நவம்பரிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சேவைக்கு அந்த விலக்கு இல்லை. ஆக ஜாப் ஒர்க்காரருக்குப் பணம் முன்னால் வந்தால் வந்த மாதமே வரி. பின்னால் வந்தால் பில் போட்ட மாதமே வரி. பதிவு வரம்பும் அப்படித்தான். சரக்கு விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். சேவைக்கு 20 லட்சம். ஒரே லேத்தில், ஒரே ஆள், சொந்த இரும்பை வாங்கிக் கடைந்து விற்றால் 40 லட்சம் வரை நிம்மதி. கம்பெனி தரும் இரும்பைக் கடைந்தால் 20 லட்சத்தோடு சரி. காம்போசிஷன் என்ற இணக்க வரித் திட்டத்தில் உற்பத்தியாளருக்கு 1 சதவீதம், சேவைக்கு 6. அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் கம்பெனிக்குக் கழிவு கிடைக்காது என்பதால் ஆர்டரும் கிடைக்காது. 20 லட்சத்துக்குள் இருப்பவர்களும் பதிவு எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு வெண்டார் கோடு போடமாட்டோம் என்று பர்ச்சேஸில் சொல்லிவிடுவார்கள்.

விகிதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பேசவும் வேண்டும். கோவைக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த வெட் கிரைண்டர் 2017 ஜூலையில் 28 சதவீதத்தில் தொடங்கி, அதே நவம்பரில் 12 ஆகி, 2019இல் 5 ஆகி, 2022 ஜூலையில் 18 ஆனது. ஒரு கிரைண்டர்காரர் எந்த விலையை நம்பி கேட்லாக் அச்சடிப்பார்? 2024 செப்டம்பரில் கொடிசியா வளாகத்தில் நிதியமைச்சர் கலந்துகொண்ட கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று ஓர் உணவகத் தொழிலதிபர் சொன்னது நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேங்காய் எண்ணெய்ச் சிறிய பாட்டில் சமையலுக்கா தலைக்கா என்ற வழக்கு பதினைந்து ஆண்டுக்கு மேல் இழுத்து, 2024 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. காங்கேயம் எண்ணெய்ச் செக்குக்காரர்களுக்கு அது பிழைப்புப் பிரச்சினை. 2022 ஜனவரி 1 முதல் துணிக்கு 12 சதவீதம் என்று அறிவித்ததை, அதற்கு முந்தைய நாள் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி நிறுத்திவைத்தது. விசைத்தறியும் பின்னலாடையும் சேர்ந்து குரல் கொடுத்ததற்கு அப்போது பலன் இருந்தது. விகிதச் சண்டைக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கிறது. தேதிச் சண்டைக்குக் கிடைப்பதில்லை. இருபதாம் தேதி வருத்தத்தைப் பட்டறைக்காரர் தன் ஆடிட்டரிடமும் அடகுக் கடையிலும் மட்டும்தான் சொல்லுகிறார்.

வருமான வரி இதில் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வேளாண் வருமானத்தை அது தொடாது என்பதால் ஈரோட்டு மஞ்சளும் பொள்ளாச்சித் தென்னையும் வெளியே. வால்பாறைத் தேயிலையில் மட்டும் விளைவிப்பதும் பதப்படுத்துவதும் கலந்திருப்பதால் 40 சதவீதத்தை வியாபார வருமானமாக எடுத்துக்கொள்வார்கள். பட்டறைக்காரரின் கூலி பில்லில் கம்பெனி 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். பிடித்ததை ஒழுங்காகக் கட்டி அவர் பான் எண்ணில் ஏற்றினால் ஆண்டுக் கடைசியில் அவர் வரியில் கழியும், மிஞ்சினால் ரீபண்டாக வந்துவிடும்.

நான் சொல்லவந்த இரக்கம் வேறு. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. யாரும் மதிக்கவில்லை. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது: உற்பத்தி, சேவை செய்யும் குறு, சிறு தொழிலுக்கு அந்தக் கெடுவுக்குள்ளோ அந்த ஆண்டு முடிவதற்குள்ளோ பணம் கொடுக்காவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது, லாபத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டும். 2024 மார்ச்சில் நான் பார்த்தது அதுவரை பார்க்காதது. ஆண்டுக் கணக்கில் இழுத்தடித்த பாக்கிகள் மார்ச் கடைசி வாரத்தில் பட்டறைகளின் கணக்கில் வந்து விழுந்தன. பர்ச்சேஸ் மேனேஜர்களே போன் செய்து, "உங்க உத்யம் நம்பர் என்னங்க?" என்று கேட்டார்கள். மனுவால் நடக்காதது, சட்டத்தின் ஒரு வரியால் நடந்தது. அதே மாதம் உத்யம் என்ற அந்தக் குறு, சிறு தொழில் பதிவை விட்டுவிடச் சொல்லி நெருக்கிய கம்பெனிகளும் இருந்தன. என்னிடம் வந்து கேட்ட ஒருவரிடமும் நான் விடச் சொல்லவில்லை.

எனவே வழி தெரியாத சிக்கல் அல்ல இது. மதிப்புக் கூட்டு வரியைக் கண்டுபிடித்த பிரான்சிலேயே சேவைகளுக்குப் பணம் கைக்கு வந்த பிறகுதான் வரி. பிரிட்டனில் ஆண்டுக்கு 13.5 லட்சம் பவுண்டு வரை விற்பவர்கள் பணம் வந்ததும் வரி கட்டும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம். அப்படிப்பட்டவர் தன் பங்குக்கு, தான் பணம் கொடுத்த பில்லுக்கு மட்டுமே கழிவு எடுக்க முடியும். இங்கும் 2017 வரை இருந்த விதிதான். அரசுக்கு இதில் ஒரு ரூபாய் இழப்பு வராது. கம்பெனி பணம் கொடுத்த பிறகே கழிவு எடுக்கட்டும், பட்டறைக்காரர் பணம் வந்த பிறகே வரி கட்டட்டும் என்று இரு பக்கமும் ஒரே தேதியைக் கட்டிவிட்டால் போதும். பில் எண், தொகை, கழிவு எல்லாம் இன்று ஒரே கணினியில் இருக்கின்றன. இ-இன்வாய்ஸ் போடும் கம்பெனிகள் பணம் கொடுத்த தேதியையும் ஏற்றுவது பெரிய வேலை அல்ல. ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, எந்த முடிவுக்கும் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். ஆகவே தமிழ்நாடு மட்டும் எழுந்து நின்றால் போதாது. லூதியானா, ராஜ்கோட், கோலாப்பூர் பட்டறைகளுக்கும் இதே இருபதாம் தேதிதான் என்பதால், நம் சங்கங்கள் விகிதத்தோடு இந்தக் கோரிக்கையையும் அந்த ஊர்ச் சங்கங்களோடு சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் பட்டறை நடத்துபவர்கள், ஒவ்வொரு கூலி பில்லின் தலையிலும் ஜிஎஸ்டி எண்ணுக்குக் கீழே உத்யம் எண்ணை அச்சடியுங்கள். கம்பெனியோடு பேசிய பணக் கெடுவை எழுத்தில் வாங்குங்கள், எழுத்தில் இல்லாவிட்டால் கெடு 15 நாள்தான் என்பது சட்டம். கம்பெனிகளில் பர்ச்சேஸிலும் அக்கவுண்ட்ஸிலும் இருப்பவர்கள், கூலி பில்லில் முழுத் தொகையை உடனே பாஸ் செய்ய முடியாவிட்டால் வரித் தொகையை மட்டுமாவது பதினெட்டாம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். அந்தக் கழிவை நீங்கள் எப்படியும் இருபதாம் தேதி எடுத்துக்கொள்ளத்தான் போகிறீர்கள்.